திங்கட்கிழமை ஓடாத கார்

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் ஏறக்குறைய அதுதான். அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. பழைய கார்பரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். சுற்றிலும் மலைகள், குளிர்காலக் காலைகளில் அந்தப் புகை மேலெழ வழியின்றி நகரத்தின் மீதே தங்கிவிடும்.

1989 நவம்பரில் நகர நிர்வாகம் ஒரு விதி போட்டது. ஸ்பானிய மொழியில் 'ஓய் நோ சிர்குலா', அதாவது இன்று வண்டி ஓடாது. நம்பர் பிளேட்டின் கடைசி எண் 5 அல்லது 6 என்றால் திங்கட்கிழமை காரை எடுக்கக் கூடாது. மற்ற எண்களுக்கு மற்ற நாட்கள். வாரநாட்களில் தினமும் ஐந்தில் ஒரு வண்டி வீட்டில் நிற்கும், புகையும் அந்த அளவுக்குக் குறையும் என்பது அதிகாரிகளின் கணக்கு.

மக்கள் போட்ட கணக்கு வேறு. கையில் கொஞ்சம் பணம் இருந்தவர்கள், வேறு எண்ணில் முடியும் இரண்டாவது கார் ஒன்றை வாங்கினார்கள். ஒருநாள் தேவைக்குப் புதுக் கார் எதற்கு? பழைய கார் போதும். வாங்கிய கார் மற்ற நாட்களில் சும்மா நிற்குமா? வீட்டில் இன்னொருவர் ஓட்டினார். பொருளியலாளர் லூகாஸ் டேவிஸ் நகரத்துக் காற்றின் மணிவாரி அளவீடுகளை விதிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2008-இல் ஆய்வு வெளியிட்டார். காற்று தூய்மையானதற்கு எந்தத் தடயமும் இல்லை. வண்டிகள்தான் கூடியிருந்தன.

எண்ணிக்கையை வைத்துப் புகையைக் கணித்ததில்தான் கோளாறு. எல்லா வண்டியும் ஒரே அளவு புகை விடுவதில்லை. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக வேதியியலாளர் டொனால்ட் ஸ்டெட்மன் 1980-களின் இறுதியில் சாலையோரம் ஒரு கருவியை வைத்தார். சாலைக்குக் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் பாயும். கடந்துபோகும் காரின் புகை அதில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று ஒரு நொடிக்குள் அளந்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அளந்து பார்த்தபோது, கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய பாதி, வெறும் பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது! பராமரிக்காத புதுக் கார், நன்றாகப் பராமரித்த பழைய காரைவிட மோசமாகப் புகைத்ததும் உண்டு.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், புகை வெளியேறும் பாதையில் பொருத்தும் வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய நுண்துளைகள் வழியே புகை போகும்போது நச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாறிவிடும். அது இல்லாத, அல்லது கெட்டுப்போன ஒரு கார், சரியாக வேலைசெய்யும் பல கார்களின் புகையை ஒற்றையாக விட்டுவிடும். மெக்சிகோ நகரமும் பின்னாளில் இதை உணர்ந்து, பரிசோதனையில் தேறும் தூய வண்டிகளுக்கு விலக்கு அளித்தது.

லண்டன் கிழமையைக் கேட்கவில்லை, வண்டியின் தரத்தைக் கேட்டது. 2019 ஏப்ரல் முதல், தரம் தேறாத கார் நடு நகரத்துக்குள் வந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு கட்டணம். பெட்ரோல் கார் ஏறத்தாழ 2006-க்குப் பிறகு வந்ததாக இருந்தால் போதும். டீசலோ 2015-ஐ ஒட்டியோ பிறகோ வந்ததாக இருக்க வேண்டும்.

டீசல் மீது ஏன் இந்தக் கடுமை? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2001-இல் பிரிட்டன் கார் வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவோடு இணைத்தது. டீசல் நல்ல மைலேஜ் தரும், அதனால் வரி குறைவு. 2012-இல் விற்ற புதுக் கார்களில் பாதி டீசல். ஆனால் டீசல் எஞ்சினில் வெப்பமும் மிகைக் காற்றும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கும். ஆக்சிஜன் மிகுந்த அந்தப் புகையில், பெட்ரோல் காரின் மாற்றியால் அவற்றைச் சிதைக்க முடியாது. அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்து அழைத்த வண்டியை, நகரம் கட்டணம் போட்டுத் துரத்த வேண்டியதாயிற்று.

2017 தொடக்கத்தில் நடு லண்டனில் ஓடிய வண்டிகளில் 39 சதவீதமே இந்தத் தரத்தில் தேறின. விதி நகரம் முழுவதற்கும் விரிந்த 2023-இல், நகரமெங்கும் 95 சதவீதம் தேறின. பழையன கழிவது எப்படியும் நடப்பதுதான்; எல்லாப் புகழும் கட்டணத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வண்டி எது என்று யோசித்தவர்களை அது சரியான பக்கம் தள்ளியது.

நம் ஊரில் வாங்கும் புகைச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டுக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டீசலுக்குப் புகையின் கருமை மட்டும். லண்டன் துரத்திக்கொண்டிருந்த நைட்ரஜன் ஆக்சைடுக்கு அந்தச் சோதனையில் இடமே இல்லை.