மீதிப் பணம் எங்கே போயிற்று?

நார்வே தேசத்தின் வடகோடியில், எழுபது பாகை அட்சரேகையையும் கடந்து, நவம்பர்க் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் மறுபடி முகம் காட்டுகிற ஹம்மர்பெஸ்ட் என்னும் துறைமுக நகரத்தில் எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் இருக்கிறார். 1980-களில் நார்வேயின் பொதுமக்கள் கல்விக் கழகங்களுக்கு மாணவராக வந்து, பின்னர் பின்மார்க் மாகாணக் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்து, அந்தக் குளிரிலும் இருளிலும் குடும்பத்தை ஊன்றிக்கொண்ட ஈழத் தமிழர்களில் அவரும் ஒருவர். மகள் வைத்தியப் படிப்பை முடித்த சந்தோஷத்தில், ஆஸ்லோ நகரத்துக் கடையொன்றில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ஊற்றுப்பேனாவைப் பத்தாயிரம் குரோனர் கொடுத்து வாங்கி, மூடியின் வளையத்தில் அவள் பெயரையும் பொறித்து, அவளுக்குப் பரிசளித்தார். மருந்துச் சீட்டு முதல் நோயாளியின் சரித்திரம் வரை யாவும் கணினியில் பதிவாகும் இக்காலத்து ஆஸ்பத்திரியில் அந்தப் பேனாவுக்கு வேலையில்லை. இரண்டு வருஷம் மை காணாமல் பெட்டிக்குள் கிடந்த பேனாவை, குடும்பத்தில் பணமுடை நேர்ந்த ஒரு சமயம், பழைய பேனா வாங்கி விற்கும் ஒருவரிடம் நண்பர் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பூதக்கண்ணாடி வைத்து முள்ளைப் பார்த்தார். மூடியைத் திருகித் திறந்து மூடினார். வளையத்தில் இருந்த பெயரை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, மூவாயிரத்து ஐந்நூறு குரோனர் தருவதாகச் சொன்னார்.

"ஒரு துளி மை படேல்லை. நான் குடுத்த மிச்சக் காசு எங்க போனது, அண்ணை?" என்று நண்பர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

நகைக்கடையில் வளையல் மாற்றியிருக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் இக்கேள்வியின் பாதி விடையை உடனே சொல்லிவிடுவாள். வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கிறோம். விற்கும்போது அவை இரண்டும் நீங்கிப் பொன்னின் எடைக்கு மட்டுமே விலை வருகிறது. ஆனால் வளையலில் பெரும்பங்கு பொன், செய்கூலி சிறுபங்கு. உயர்விலைப் பேனாவிலோ கணக்கு தலைகீழானது. பதினெட்டு காரட் பெரிய முள்ளில்கூட உலோகம் மொத்தம் ஒரு கிராமைச் சுற்றியேதான் இருக்கும். அதிலும் நான்கில் மூன்று பங்குதான் பசும்பொன். உடலும் மூடியும் பெரும்பாலும் ரெசின் என்று கௌரவமாக அழைக்கப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக். மிகுதியெல்லாம் செய்கூலி என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கூலியில் பேனாவைச் செய்த கைக்குப் போவது எவ்வளவு என்பதுதான் விசாரிக்கத் தக்கது.

நண்பர் கொடுத்த பத்தாயிரத்தையே எடுத்துக்கொள்வோம். நார்வேயில் பொருள்களின் மீதான பொது விற்பனை வரி 25 சதவீதம். ஆகவே எட்டாயிரம் பேனாவுக்கு, இரண்டாயிரம் அரசாங்கத்துக்கு. ஹம்மர்பெஸ்டிலிருந்து வடக்கே கடலைக் கடந்தால் வரும் ஸ்வால்பார்ட் தீவுகள் அதே நார்வேயின் ஆட்சியில் இருந்தும் இந்த வரிக்கு உட்படாதவை. அதே பேனா அங்கே ஒரு கடையில் இருந்தால் எட்டாயிரத்துக்கே கிடைக்கலாம். பேனாவில் ஓர் அணுவும் மாறாமலே ஐந்தில் ஒரு பங்கு விலை கரைந்துபோகிறது என்றால், அந்தப் பங்கு ஆதியிலிருந்தே பேனாவினுள் இல்லை என்றுதானே அர்த்தம்? நம் இந்தியாவிலும் 2021-இல் எல்லாவகைப் பேனாக்களுக்கும் 18 சதவீதச் சரக்கு, சேவை வரி என்று நிர்ணயித்தார்கள். நண்பரின் கணக்குக்குத் திரும்புவோம். வரி நீங்கிய எட்டாயிரத்தில் ஏறக்குறையப் பாதி, கடைக்காரரின் பங்காகப் போவது இவ்வியாபாரத்தின் வழக்கம். அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். மாதத்துக்குச் சில பேனாக்களே விற்கும் கடை, பெருநகரத்தின் முக்கிய வீதியில் வாடகை கொடுத்து, வெல்வெட் விரித்து, ஊழியர்களுக்குச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். மிஞ்சிய நாலாயிரம் சொச்சம் உற்பத்தியாளரிடம் சேருகிறது. அதிலிருந்துதான் விளம்பரம், பெட்டி, உத்தரவாதம், லாபம், கடைசியாக முள்ளைத் தீட்டும் தொழிலாளியின் கூலி எல்லாம் வரவேண்டும்.

பழைய பேனா வியாபாரி சொன்ன தொகை இந்த நாலாயிரத்தை ஒட்டியே இருந்ததைக் கவனியுங்கள். அவரும் அதை ஐயாயிரத்து ஐந்நூறுக்கோ ஆறாயிரத்துக்கோ விற்றுப் பிழைக்க வேண்டியவர். பெயர் பொறித்ததற்காகச் சற்றுக் குறைத்தார்; வேறொருத்தியின் பெயர் தாங்கிய பேனாவைப் பரிசாக வாங்க எவரும் வரமாட்டார் என்பது அவர் அநுபவம். நண்பர் நேரே ஓர் உபயோகஸ்தரிடம் விற்றிருந்தால் பாதி விலையாவது தேறியிருக்கும். பொதுவாக இத்தகைய பேனாக்களுக்குப் பாதி விலை கிடைப்பதே நல்ல விலை.

கடை விலை ஏன் இறங்குவதே இல்லை என்பதற்கும் சரித்திரம் உண்டு. உலகம் நன்கறிந்த உதாரணம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மான்ட் பிளாங்க். ஆல்ப்ஸ் மலைச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கி, அதன் உயரமான 4810 மீட்டர் என்ற எண்ணை முள்ளில் பொறித்து, பனி மூடிய உச்சியை வெண்ணட்சத்திரமாக மூடியில் சூடிய நிறுவனம் அது. 1952-இல் வெளிவந்த அதன் 149 என்னும் பருத்த கறுப்புப் பேனா இன்றும் அதே உருவத்தில் விற்பனையாகிறது. ஒரு காலத்தில் மாணவர்களுக்கான மலிவுப் பேனாக்களையும் அந்நிறுவனம் செய்துவந்தது. 1977-இல் ஆங்கிலேய டன்ஹில் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகு மலிவு வகைகள் கைவிடப்பட்டன. எழுதுகோல், ஆபரணத்தின் ஸ்தானத்துக்கு உயர்த்தப்பட்டது. ஆபரணமாகிவிட்ட பொருளுக்கு விலையே ஒரு குணம். விலை இறங்கினால் குணமே போய்விடும் என்று இத்துறையார் அஞ்சுகிறார்கள். இப்போது அதன் சொந்தக்காரரான ரிஷ்மோன் குழுமம், விற்காமல் தேங்கிய கைக்கடிகாரங்கள் மலிவு விலையில் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக, 2018 வரையிலான இரண்டு ஆண்டுகளில் 48 கோடி யூரோவுக்கு மேல் மதிப்புள்ளவற்றை வியாபாரிகளிடமிருந்து திரும்பப் பெற்றது; அவற்றில் பல அழிக்கப்பட்டன. கடை விலையைக் காப்பாற்ற இவ்வளவு பிரயாசை எடுப்பவர்கள், நாம் வாங்கிச் சென்ற பேனாவின் மறுவிலையைக் காப்பாற்ற ஒரு துரும்பையும் அசைப்பதில்லை.

சில பேனாக்கள் வாங்கிய விலையைத் தாண்டிப் பன்மடங்கு ஏறியிருப்பதும் மெய்யே. 1992-இல் மான்ட் பிளாங்க் நிறுவனம் எழுத்தாளர் வரிசையில் முதலாவதாக ஹெமிங்வே பெயரில் இருபதாயிரம் பேனாக்களும், கலைப் புரவலர் வரிசையில் முதலாவதாக லொரென்ஸோ டி மெடிச்சி பெயரில் 4810 பேனாக்களும் வெளியிட்டது. இப்படியொரு வரிசை தொடரும் என்று அப்போது அறிந்தவர் குறைவு. வாங்கியவர்களில் பலர் எழுதித் தேய்த்தார்கள். புதுமை கெடாத ஹெமிங்வேக்கு இன்று பல மடங்கு விலை. அதைக் கண்ட நிறுவனங்கள் யாவும் வருஷந்தோறும் 'வரையறுத்த பதிப்பு' என்று வெளியிடத் தொடங்கின. வாங்கியவர்கள் யாவரும் பெட்டியைக்கூடத் திறக்காமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அபூர்வமாவது எப்படி? இன்று 'முதலீடு' என்ற சொல்லைச் சொல்லி ஒரு பேனாவை விற்பவரை நம்பவேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தியாவோடு தொடர்புடைய ஒரு மான்ட் பிளாங்க் பேனாவின் கதையும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. 2009-இல் மகாத்மா காந்தியின் பெயரால், தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்கும்படி 241 பேனாக்கள் வெளியிடப்பட்டன. ஒன்றின் விலை சுமார் பதினொரு லட்சம் ரூபாய். முள்ளில் கோலூன்றி நடக்கும் அண்ணலின் உருவம். கதரை நினைவூட்டும்படி உடலைச் சுற்றிப் பொற்கம்பி. கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு எழுந்து, 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் எடுத்துக்காட்டப்பட, 2010-இல் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே காந்தியடிகளின் சுதேசிப் போதனையைத் தலைமேல் கொண்டு ராஜமுந்திரியில் 1932 முதல் பேனா கடைந்த ரத்னம் என்பவரின் பேனாவை 1935-இல் அடிகளே பாராட்டிக் கடிதம் எழுதினார். அண்ணலின் பெயருக்கு உண்மையில் உரிமையுள்ள பேனா அதுதான் என்று நான் கருதுகிறேன்.

கையால் கடைந்த இவ்வகைப் பேனாக்களில் கடை விலைக்கும் மறுவிலைக்கும் இடையே பள்ளம் பெரிதல்ல. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கட்டையைக் கடைசலில் ஏற்றி, கையாலேயே கடைந்து, மெருகேற்றித் தருகிறார்கள். செய்தவர் கையிலிருந்து எழுதுபவர் கைக்கு வருவதால் இடையே சிந்திப்போகும் பணம் குறைவு. சென்னைப் பாரிமுனையில் 1920-களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ கடையில், பழுதான பேனாவைக் கொண்டு வருபவருக்கும் இடமுண்டு. ஒரு பேனாவைச் சீர்செய்யும் கை ஊரில் இருக்கும்வரைதான் அதற்கு மறுவிலை என்று ஒன்று இருக்கமுடியும். ஜப்பானிய பைலட், செய்லர், பிளாட்டினம் நிறுவனங்களும் தங்க முள் பதித்த நல்ல பேனாக்களை ஐரோப்பிய விலையின் சிறு பங்குக்கே தருகின்றன. காகிதத்தில் ஓடும்போது அவை எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல.

நண்பர் அன்று மற்றொரு பேனாவையும் எடுத்துச் சென்றிருந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளி உபாத்தியாயராக இருந்த அவர் தகப்பனாரின் பார்க்கர் 51 அது. அமெரிக்காவில் 1941-இல் பன்னிரண்டரை டாலருக்கு விற்பனைக்கு வந்து, முப்பது வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி எண்ணிக்கையில் உற்பத்தியானது அந்த வகை. முள் முழுவதும் உறைக்குள் ஒளிந்திருக்க, நுனி மட்டும் குருவி அலகைப்போல் வெளியே தெரியும். மூடியின் பொன்முலாம் சட்டைப்பை உரசிய பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. மிகுதியாக உற்பத்தியானதால் சந்தை விலை அற்பம். வியாபாரி எழுநூறு குரோனர் சொன்னார். சொல்லும் முன்பே மையில் தோய்த்து ஒரு வரி எழுதிப் பார்த்தாராம். முள் தடங்கலின்றி ஓடிற்று. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தீயிட்டதில், அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கல்லறைச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர யாவும் சாம்பலான ஊர் ஹம்மர்பெஸ்ட். நண்பரின் யாழ்ப்பாணத்து வீடும் யுத்தத்தில் போய்விட்டது. சட்டைப்பையில் இருந்ததால் தப்பி வந்தது அந்தப் பேனா ஒன்றே. அதை அவர் விற்கவில்லை. மகளின் பேனாவை விற்றார்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் பேனா வாங்கப் போகுமுன், அதே பேனா இரண்டாம் கையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தை மனமாரக் கொடுக்கத் துணிவிருந்தால் வாங்குங்கள்; இல்லாவிட்டால் முள் தேயாத, மூடி வெடிக்காத, மை உறிஞ்சும் பகுதி சரியாக இயங்கும் பழைய பேனாவைப் பாதி விலைக்கு வாங்குங்கள். பெயர் பொறிப்பதானால், அதை விற்கப்போவதில்லை என்று நிச்சயித்த பிறகு பொறியுங்கள். எதுவானாலும் வாங்கிய அன்றே மை நிரப்பி எழுதத் தொடங்குங்கள்.