செயலி சொல்லும் எடை எவ்வளவு உண்மை?

மைஃபிட்னஸ்பால் செயலியில் ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கை முடித்ததும் திரையில் ஒரு வாசகம் வரும். எல்லா நாளும் இன்றைக்குப் போலவே இருந்தால், 5 வாரத்தில் உங்கள் எடை இவ்வளவு இருக்கும் என்று அது சொல்லும். தேனி மாவட்டத்தில் தேவாரத்திலும் போடியிலும் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் முதல், சர்க்கரை வந்துவிட்டதே என்று பயந்தவர்கள் வரை பலரும் இப்படியொரு எண்ணை நம்பிச் சோற்றைக் குறைக்கிறார்கள். எடை குறையுமா, கூடுமா என்பதற்கு அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் என்பதற்கு நம்பக் கூடாது.

கணக்கு எளியது. நீங்கள் செலவழிக்கும் கலோரியிலிருந்து சாப்பிட்ட கலோரியைக் கழித்து, நாட்களால் பெருக்கி, 7,700ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். வகுத்தலில் பிழையில்லை. உள்ளே போகும் எண்கள்தான் ஊகம்.

முதலில் செலவு. பல செயலிகள் 1990இல் வெளியான மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கியது அது. 35 வயது, 62 கிலோ, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது சும்மா படுத்திருந்தாலே நாளுக்கு 1,253 கலோரி என்கிறது. பிறகு அவர் எவ்வளவு வேலை செய்பவர் என்று செயலி கேட்கும். உட்கார்ந்த வேலை என்றால் 1.2ஆலும், லேசான வேலை என்றால் 1.375ஆலும், நடுத்தர வேலை என்றால் 1.55ஆலும் பெருக்கும். அவர் தினமும் 1,500 கலோரி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். முதல் பொத்தானை அழுத்தினால் 5 வாரத்தில் எடை குறையாது. இரண்டாவதை அழுத்தினால் 1 கிலோ குறையும். மூன்றாவது என்றால் 2 கிலோ. சாப்பாடும் ஆளும் ஒன்றுதான், பொத்தான் மட்டுமே வேறு.

தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்குப் போகும் பெண் எந்தப் பொத்தானை அழுத்துவார்? ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. சரிவில் குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுக்கக் காய் எடுக்க வேண்டும். மழை கொட்டினால் வேலையில்லை, வீடுதான். காய் எடுப்புக் காலத்துக்கும் வேலையில்லாத மாதத்துக்கும் அவர் உடல் செலவழிப்பதில் பெரிய வேறுபாடு உண்டு. செயலியிலோ ஒருமுறை அழுத்திய பொத்தான் அப்படியே கிடக்கும். கைக்கடிகாரம் அளந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 7 கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல பட்டைகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

அடுத்தது சாப்பாடு. உணவு அட்டவணையில் நமக்குக் குறையில்லை. 1918இல் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2017இல் 528 உணவுப்பொருள்களின் சத்துகளை அளந்து வெளியிட்டது. ஹெல்தி​ஃபை போன்ற இந்தியச் செயலிகளில் இட்லி, சாம்பார் எல்லாம் இருக்கின்றன. சிக்கல் நம் அடுப்படியில் இருக்கிறது. தோசைக்கல்லில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கூடுதலாக விழுந்தால் 120 கலோரி. இரண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ இரண்டைப் பதிய மறந்தால் சீனியில் மட்டும் 80. இரண்டும் சேர்ந்தாலே 200 ஆகிவிடுகிறது. மேலே சொன்ன பெண்ணின் 1 கிலோ கணக்கு ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோக இதுவே போதும். நியூயார்க்கில் நடந்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்ற 10 பேரைக் கவனித்தார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் அதே போக்கு பிறகும் பல இடங்களில் தெரிந்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குழம்பைக் கண்ணால் பார்த்து யாராலும் கலோரி சொல்ல முடியாது.

முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதும் தவறாக நம்ப வைக்கிறது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போகும் 5 கிலோ பச்சைக்காய் ஏறக்குறைய 1 கிலோவாக வெளியே வருகிறது. போனது தண்ணீர், காய் அங்கேயேதான் இருக்கிறது. உடம்பும் சோறு குறைந்ததும் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கரைக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்து வெளியேறுகிறது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் எடை ஏறுவதும், மாதவிடாயை ஒட்டி ஏறுவதும் நீர்தான்.

நீண்ட காலக் கணக்கு இன்னும் மோசம். 7,700 என்ற எண், மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958இல் எழுதியதிலிருந்து வருகிறது. அதன்படி தினமும் 500 கலோரி குறைத்தால் ஒரு வருடத்தில் 23 கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்காது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. அமெரிக்காவின் கெவின் ஹால் குழு 2011இல் லான்செட் இதழில் திருத்திய கணக்கைத் தந்தது: அன்றாடம் 24 கலோரி குறைத்தால் முடிவில் சுமார் 1 கிலோ குறையும், அதில் பாதி குறையவே ஒரு வருடமாகும். அப்படிப் பார்த்தால் 500 கலோரிக்கு முதல் வருடத்தில் 10 கிலோ அளவுதான்.

அப்படியானால் செயலியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். எண்ணெயும் சீனியும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. காலையில் கழிப்பறை போய்வந்த பின், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில், தரையில் வைத்து எடை பாருங்கள். 7 நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். 4 வாரம் பார்த்தும் சராசரி அசையவில்லை என்றால், செயலி எதைச் சொன்னாலும், நீங்கள் சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமம். மேக்ரோஃபேக்டர் போன்ற சில செயலிகள் இதே முறையில் தங்கள் கணக்கைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

சொன்ன தேதிக்குள் எடை இறங்கவில்லை என்று இன்னும் ஒரு வேளைச் சோற்றை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இந்தக் கணக்குப் பக்கமே போக வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டாக்டரைக் கேளுங்கள். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.