அடிவார மனையும் ஓடையின் வழியும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியில், சிலமலைக்கு மேற்கே ஏலமலைச் சரிவு சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரச் சமநிலம் வீடு கட்ட உகந்ததாகவே தோன்றும். அந்நிலம் எப்படி உருவானது என்பதையும் மனை வாங்குவோர் அறிய வேண்டும்.

செங்குத்தான சரிவில் இறங்கும் மழைநீர் பாறையையும் மண்ணையும் அரித்து வருகிறது. அடிவாரத்தில் வேகம் குறைந்ததும் பெருங்கற்களை முதலிலும், மணலையும் வண்டலையும் அதற்கப்பாலும் விசிறிபோல் பரப்பிவிடுகிறது. இத்தகைய படிவில் ஓடை தன் தடத்தைத் தானே தூர்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பக்கூடும். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த தடத்திலும் ஒரே இரவின் பெருமழை வெள்ளத்தைக் கொண்டுவரலாம். அஸ்திவாரம் தோண்டும்போது உருண்டை கற்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தால், அங்கே முன்பு நீர் பாய்ந்தது என்று பொருள்.

சரிவை ஒட்டிக் குடியிருப்பதன் ஆபத்தும் நாம் அறியாததன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்து 70 உயிர்கள் பறிபோயின. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் வீட்டின்மீது மண் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர்.

சாலையின் அருகாமை மனையின் விலையை உயர்த்துகிறது. ஓடையின் அருகாமை அதைக் குறைப்பது அரிது. ஆதாயம் விற்பவருக்கும், இழப்பு குடியேறுபவருக்கும், மீட்புச் செலவு அரசுக்கும் சேர்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 1:50,000 அளவில் நிலச்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அவற்றையும் வருவாய்த் துறையின் ஓடைப் புறம்போக்குப் பதிவுகளையும் ஒப்பிட்ட பிறகே அடிவார மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தர வேண்டும்.