செய்மதித் தட்டுக்கு ஓர் இடம்

1956ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து குடியேறி, அவ்வாண்டிலேயே தம் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் செதுக்குக் கற்களை நீருக்கடியிற் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்ன ஆதர் சி. கிளார்க் என்பவரை, இவ்வூரார் சமுத்திரத்தின் அடியைத் தேடியவராகவே நினைவுகூர்வர். அவருக்கு அழியாத கீர்த்தியைத் தந்ததோ ஆகாயம். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு பொருள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், கீழிருந்து பார்ப்போருக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அங்கே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகமெங்கும் ஒலியும் ஒளியும் அனுப்பலாம் என்றும், 1945 ஒக்டோபரில் வெளியான ஒரு கட்டுரையில் அவர் எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், இந்தியா ஏடிஎஸ்-6 என்னும் அமெரிக்கச் செய்மதியின் துணையோடு தன் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியை அனுப்பத் தொடங்கியபோது, இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பிலிருந்த அவர் வீட்டிலும் ஒரு பெரிய தட்டை நிறுத்திக் கொடுத்தனர். இத்தீவில் தொலைக்காட்சி ஒளிபரப்பே தோன்றாதிருந்த காலம் அது. அது தோன்றியது 1979இல்.

அந்தத் தட்டுக்கு இடம் தேடுவது எளிய காரியம். செய்மதி ஓரிடத்தில் நிற்பதால், தட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு நேர்கோடு மறைவின்றி இருந்தாற் போதும். இன்று நம் வீடுகளின் சுவரிலும் சன்ஷேட்டிலும் ‘டிஷ்’ என்று வழங்கும் தொலைக்காட்சித் தட்டுகள் இரு மரங்களுக்கு நடுவே தெரியும் சிறு வானத்துண்டைக் கொண்டே வேலை செய்வது அதனாலேதான். இந்தப் பழக்கமே இப்போது பலரை இடறச் செய்கிறது.

2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம் பெற்று, 2025 ஜூலை 2ஆம் தேதி இலங்கையில் செய்மதி இணையச் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் தட்டு வேறு இனத்தது. அது நாடும் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. 36,000 கிலோமீற்றர் மேலே போய் மீளும் செய்தி கேள்விக்கும் விடைக்குமாக அரை விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள, இந்தத் தாழ்ந்த பாதையில் அது விநாடியின் நூற்றிற் சில பங்குகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் தாழப் பறப்பது நிற்காது. ஒரு செய்மதி சில நிமிஷங்களே வானில் தங்கி மறைய, அதன் இடத்தை இன்னொன்று ஏற்கவேண்டும். எதனோடு பேசுவது என்பது 15 விநாடிக்கொரு முறை புதிதாக வகுக்கப்படுகிறது.

ஓடுகிற பொருளை ஓடாத தட்டு எப்படிப் பின்தொடர்கிறது என்பது இந்த யந்திரத்தின் அதிசயமான பகுதி. ஏறத்தாழ 60 சென்றிமீற்றர் நீளமும் 38 சென்றிமீற்றர் அகலமும் உள்ள அந்த வெண்பலகைக்குள் ஏராளமான சின்னஞ்சிறு அன்ரெனாக்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நிலாவெளிக் கரையிற் கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் ஒத்த கதியில் இழுத்தால் வலை நேரே வரும். ஒரு பக்கத்தார் சற்று முந்தினால், இடத்தைவிட்டு யாரும் பெயராமலே வலையின் வாய் ஒரு புறமாகத் திரும்பும். அவ்வாறே ஒவ்வோர் அன்ரெனாவும் தன் அலையை அடுத்ததைக் காட்டிலும் மிக நுண்ணிய காலம் முந்தியோ பிந்தியோ விடுப்பதனால், எல்லா அலைகளும் கூடி உண்டாகும் கதிர் வேண்டிய திசைக்குச் சாய்கிறது, பலகை அசைவதேயில்லை.

இந்தக் கதிர் சாயக்கூடிய எல்லை 110 பாகை அளவுள்ள ஒரு கூம்பு. ஆகையால் தட்டுக்கு வேண்டியது வானத்தில் ஒரு துளையன்று. அண்ணாந்து பார்த்தால் உச்சியிலிருந்து நாற்புறமும் 55 பாகை வரை விரிந்த ஒரு பெரிய ஆகாயக் குடை முழுவதும் அதற்கு வேண்டும்.

உப்புவெளியில் என் சின்னம்மா வீட்டில் இதை நேரே கண்டேன். தட்டை முன் சன்ஷேட்டில், தரையிலிருந்து நாலு மீற்றர் உயரத்தில் வைத்திருந்தார்கள். “மேல வானம் நல்ல வெளியாத்தானே கிடக்கு தம்பி, பிறகேன் கதைக்கேக்குள்ள நிண்டு நிண்டு போகுது?” என்று கேட்டார். கனடாவிலிருக்கும் மகளோடு பேசும்போது முகம் உறைந்து நின்றுவிடுமாம். கைத்தொலைபேசியில் அந்நிறுவனத்தின் செயலியைத் திறந்து, முற்றத்தில் நின்று வானத்தின் நாற்புறமும் மெல்லத் துழாவினேன். திரையில் தோன்றிய அரைக்கோளப் படத்தில், வடபுறத்து வேம்பின் முடி முழுவதும் சிவந்து காட்டியது. அயல் வளவுப் பனையின் வட்டும் ஒரு சிறு சிவப்புப் புள்ளியாய் விழுந்தது. தட்டு பெறும் அலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டரைச் சென்றிமீற்றர். ஓர் இலையின் அளவே உள்ள அந்த அலையை நீர் நிறைந்த இலைக்கூட்டம் விழுங்கிவிடும், நனைந்திருந்தால் இன்னும் மிகுதியாக.

வேம்பின் உயரம் 12 மீற்றர். தட்டுக்கு மேலே நிற்பது 8 மீற்றர். தட்டு மல்லாந்திருக்கும்போது, அதற்கு மேலே எழும் மரத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் விலகியிருந்தால் அந்த மரம் கூம்புக்குள் வராது. இங்கே வேண்டிய தூரம் 12 மீற்றர். இருந்த தூரமோ ஐந்து. மரத்தை வெட்டிவிடலாம் என்று, தட்டைப் பொருத்த வந்தவர்கள் சொல்லியிருந்தனர். நாங்கள் பின்புறத்துக் குசினியின் கொங்கிரீட் கூரைக்குத் தட்டை மாற்றினோம். 15 மீற்றர் வடம் மட்டுமட்டாக எட்டியது. அன்று மாலை சின்னம்மா மகளோடு ஒரு மணிநேரம் தடையின்றிப் பேசினார். வேம்பு இன்றும் நிற்கிறது.

வடபுறத்து வானத்துக்கு இவ்வூரில் ஒரு விசேஷ மதிப்பு உண்டு என்பதைப் பலர் அறியார். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகை வடக்கே இருப்பதால், கிளார்க் கண்ட அந்த நிலைத்த செய்மதிகளின் பட்டை நம் உச்சிக்குத் தெற்கே சுமார் 10 பாகையில், ஏறக்குறைய தலைக்கு மேலாகவே, கிழக்கு மேற்காகச் செல்கிறது. அவற்றுக்கு இடையூறு விளைவிக்கலாகாது என்பது சர்வதேச விதி. ஆதலால் ஓடும் செய்மதிகள் அந்தப் பட்டைக்கு நேரே வரும்போது நம் தட்டோடு பேசுவதைத் தவிர்க்கின்றன. அன்றியும், இவற்றுட் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு 53 பாகை சாய்ந்த பாதைகளிற் சுற்றுவதால், அந்த அகலாங்குகளை அடுத்தே நெருங்கிக் கூடுகின்றன. நம் பக்கத்தில் ஐதாகவே கடக்கின்றன. ஐரோப்பாவில் ஒரு மரம் மறைத்தாற் பாதகமில்லாத இடத்தில், இங்கே அதே மரம் பெருந்தடையாகிவிடும். செயலி தட்டை எத்திசைக்குச் சாய்க்கச் சொல்கிறதோ அத்திசைக்கே சாய்த்து, வடவானத்தை மறைப்பின்றி விடுவது என் அபிப்பிராயத்தில் முதற்கடமை.

துறைமுகத்தைச் சுற்றிய பிரதேசத்தில் கடலை நோக்கிய வீடுகள் இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றவை. நீர்ப்பரப்பின்மேல் மறைப்பதற்கு யாதுமில்லை. ஆனால் உப்புக்காற்று சாதாரண இரும்பு ஆணியையும் பிடியையும் விரைவில் அரித்துவிடும். ஆகவே துருப்பிடியா உருக்கையே உபயோகிக்க வேண்டும். வாடைக்காற்று தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் ஏறி முறுக்கிப் பார்க்கவேண்டும். மாரியிற் கடும் மழை பெய்யும்போது சிறிது நேரம் இணைப்பு மெலிவது இயல்பு. அதற்காகத் தட்டை இடம் மாற்றுவதிற் பயனில்லை.

கூரையிலே துளையிடுமுன், தட்டை நினைத்த இடத்தில் ஒரு நாள் முழுவதும் சும்மா வைத்துப் பாருங்கள். எங்கே மறைக்கிறது என்பதை அதுவே படமாக வரைந்து காட்டும். மரத்தை வெட்டக் கத்தி எடுக்குமுன், கையிலுள்ள வடம் வளவின் எந்த மூலை வரை எட்டும் என்று தயவுசெய்து ஒரு முறை அளந்து பாருங்கள்.