அதிகாரி லீவில் என்றால் அனுமதியும் லீவிலா?

"ஐயா லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்ற பதிலை வாங்காமல் எந்த அலுவலகத்தின் படியையும் நம்மவர்கள் இறங்கியதில்லை. காணி, நட்டஈடு, வீட்டுத்திட்டம் என்று எதற்குப் போனாலும் யாரோ ஒருவரின் கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருக்கும். இப்போது பல தொண்டு நிறுவனங்களும் தனியார் அலுவலகங்களும் கோப்பை விட்டுக் கணினிக்கு மாறிவிட்டன. ஆனால், காத்திருப்பு மட்டும் மாறவில்லை. மேசையில் கிடந்த கோப்பு இப்போது ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கிறது.

கிளிநொச்சியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். போரில் கால் இழந்த ஒருவருக்குச் செயற்கைக் கால் திருத்தப் பணம் வேண்டும். கள அலுவலர் கோரிக்கையைக் கணினியில் பதிகிறார். அது திட்ட முகாமையாளரின் பெயருக்குப் போகிறது. அவரோ மகப்பேற்று விடுமுறையில் இருக்கிறார். மென்பொருளுக்கு அது தெரியாது. விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கி மின்னஞ்சல் பதில் போட்டு வைத்தாலும், அனுமதிக் கோரிக்கை அவர் பெயரிலேயே நிற்கும்.

கைமாற்றுவது எப்படி?

பல அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசொஃப்ட் பவர் ஒட்டோமேட் மென்பொருளில் இதற்கு வழி உண்டு. அனுமதிகள் பகுதியில், தனக்கு வந்த கோரிக்கையைத் திறந்தால் 'ரீஅசைன்' என்ற தெரிவு இருக்கும். அதில் மற்றவரின் பெயரைக் கொடுத்து உறுதிப்படுத்தினால், கோரிக்கை அவருடைய பட்டியலுக்குப் போய்விடும். யாருடைய பெயருக்குக் கோரிக்கை வந்ததோ அவர் மட்டுமல்ல, அந்த அனுமதி ஒழுங்கை உருவாக்கியவரும் இப்படிக் கைமாற்றலாம். அலுவலர் திடீரென நோயுற்றாலோ வேலையை விட்டு விலகினாலோ இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

இதில் காலக்கெடு ஒன்றும் உண்டு. பவர் ஒட்டோமேட்டில் ஓர் ஒழுங்கு தொடங்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்கு மேல் ஓடாது. அதற்குள் முடிவு கிடைக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். கோரிக்கையை மறுபடி புதிதாகத் தொடங்க வேண்டும். இருபத்தெட்டாம் நாளில் கைமாற்றினால் புதியவருக்கு எஞ்சுவது இரண்டு நாட்கள்தான்.

கைமாற்றுவது வேறு, பதிலாளை நியமிப்பது வேறு. முன்னையது ஏற்கெனவே வந்து நிற்கும் ஒரு கோரிக்கையை மட்டும் நகர்த்தும். நாளை வருவது பழையபடி விடுமுறையில் உள்ளவரிடமே போகும். சேர்விஸ்நவ் போன்ற மென்பொருளில் 'டெலிகேட்' என்ற வசதி இருக்கிறது. தொடக்க நாளையும் முடிவு நாளையும் குறித்து ஒருவரை நியமித்துவிட்டால், அந்தக் காலத்தில் வரும் அனுமதிகளை அவர் பார்த்துக்கொள்வார். அரச அலுவலகங்களில் 'பதில் கடமை' என்று சொல்கிறோமே, அதன் கணினி வடிவம்தான் இது.

கடவுச்சொல்லைக் கொடுப்பது தீர்வல்ல

பல இடங்களில் நடப்பது என்னவென்றால், விடுமுறையில் போகிறவர் தன் கடவுச்சொல்லைச் சக ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான். வேலை நடக்கும். ஆனால் பதிவில் நிற்பது விடுமுறையில் இருந்தவரின் பெயர். பிறகு கணக்காய்வில் கேள்வி எழுந்தால், அனுமதித்தது யார் என்று நிறுவ முடியாது. செய்யாத வேலைக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும். முறையாகக் கைமாற்றினால் யாரிடமிருந்து யாருக்குப் போனது, யார் முடிவெடுத்தார் என்பது பதிவாகும்.

மென்பொருள் பார்க்காத ஒன்றும் உண்டு. புதிதாகப் பெயர் கொடுக்கப்பட்டவருக்கு அந்தத் தொகையை அனுமதிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று அது தானாகக் கேட்பதில்லை. ஆகவே, பதில் கடமைக்கான எழுத்துமூல நியமனம் முதலில் வேண்டும். கோரிக்கையைப் போட்டவரிடமே அனுமதியையும் ஒப்படைக்கக் கூடாது. முக்கியமான ஒழுங்குகளில் தொடக்கத்திலேயே இருவரின் பெயரைப் போட்டு, முதலில் பதிலளிப்பவரின் முடிவு போதும் என்று அமைத்தால், ஒருவர் இல்லாத நாளிலும் வேலை நிற்காது.

காத்திருக்கும் பக்கத்தில் இருந்தால்

மென்பொருளுக்குள் நுழைய முடியாத மக்கள் என்ன செய்யலாம்? தொண்டு நிறுவனம் என்றால், "என்னுடைய கோரிக்கை இப்போது யாருடைய பெயரில் நிற்கிறது, அவருக்குப் பதில் யார்?" என்று நேரடியாகக் கேளுங்கள். "பார்க்கிறோம்" என்பதோடு திரும்பாதீர்கள்.

அரச அலுவலகம் என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கோப்பின் நிலை என்ன, யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். கோரிக்கையைப் பெற்றதற்கான எழுத்துமூல ஒப்புகையை வாங்குங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தகவல் அலுவலர் நியமிக்கப்படவில்லை என்பதும் சாட்டு ஆகாது. அப்படியான நிலையில் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஒருவர் இல்லாவிட்டால் பொறுப்பு யாரிடம் போகும் என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அலுவலகங்களும் தங்கள் மென்பொருளில் அதை எழுதி வைத்தால், செயற்கைக் காலுக்குக் காத்திருப்பவர் இன்னொருவரின் விடுமுறை முடியும்வரை வீட்டுத் திண்ணையில் குந்தியிருக்க வேண்டியதில்லை.