எரிமலைத் தீவுகள் – 9: குன்றின்மேல் ஒரு கண்

போர்ச்சுகலின் அசோரஸ் தீவுக்கூட்டம், பிக்கோ தீவு, லாஜெஷ் துறை, ரப்பர் படகு. சென்ற வாரம் இதுவரை வந்துவிட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கடற்பறவைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுவேன். அதற்குமுன் விஜியாவைப் பற்றி நாலு வரி.

விஜியா என்பது திமிங்கிலக் காவலாளி. கரையோரக் குன்றின்மேல் ஒரு சிறு அறை, கடலைப் பார்த்து அகலவாட்டில் ஒரு திறப்பு, பெரிய பைனாகுலர், ஒரு வயர்லெஸ். இவ்வளவுதான் அவருடைய அலுவலகம். திமிங்கிலம் பார்க்க வந்த பயணிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டுவதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருப்பார். எங்கே மூச்சு தெரிகிறதோ அந்தத் திசையைப் படகோட்டிக்குச் சொல்வார். படகில் அலைமட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொலைவில் எதுவும் தெரியாது. அவருக்கும் சேர்த்துப் பார்ப்பது குன்றின்மேல் இருக்கும் இந்தக் கண்தான்.

விஜியா தேடும் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆழ்கடல் விலங்காயிற்றே, கரையிலிருந்து எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் எரிமலையின் உபயம். பிக்கோவின் சிகரம் 2,351 மீட்டர். போர்ச்சுகல் நாட்டிலேயே அதுதான் உயரம். அந்தச் சரிவு கரையோடு நிற்காமல் தண்ணீருக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகிறது. கொஞ்ச தூரம் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம். கணவாய் வேட்டைக்கு அந்த ஆழம் போதும் என்பதால், திமிங்கிலம் தீவின் வாசலுக்கே வந்துவிடுகிறது. முக்கால் மணி நேரம் அடியில் வேட்டை, பத்து நிமிடம் மேலே மூச்சு, மறுபடி வாலைத் தூக்கி ஒரே முழுக்கு.

அந்தப் பத்து நிமிடம்தான் விஜியாவுக்கு முதலீடு. மற்றப் பெரிய திமிங்கிலங்கள் நேராக மேல்நோக்கி ஊதும். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கோ மூச்சுத்துளை தலையின் முன்முனையில், இடப்பக்கம் ஒதுங்கி ஒன்றே ஒன்று. அதனால் அதன் மூச்சு முன்னோக்கி, இடதுபக்கம் சாய்ந்து வரும். அந்தச் சாய்வைப் பார்த்ததுமே, இன்னது என்று விஜியா சொல்லிவிடுவார்.

இந்தக் கண்ணைப் பழக்கியது திமிங்கில வேட்டை. அப்போதெல்லாம் மூச்சைக் கண்டதும் விஜியா வாணம் விடுவார். சத்தம் கேட்டதும் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆட்கள் துறைக்கு ஓடுவார்கள். படகுக்கு ஏழு பேர்; துடுப்பும் பாயும்; கையால் எறியும் ஈட்டி. 1980கள் வரை இப்படியே நடந்தது. 1987-ல் பிக்கோவில் கடைசித் திமிங்கிலத்தைக் கொன்றார்கள். சில ஆண்டுகளிலேயே, அதே குன்றிலிருந்து அதே கண்களை வைத்துப் பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. பக்கத்துத் தீவு ஃபயால். 1957 செப்டம்பரில் அங்கே நாள்கணக்கில் நிலம் நடுங்கிக்கொண்டிருந்தது. 27-ஆம் தேதி காலை, கப்பெலின்யோஷ் கலங்கரை விளக்கத்துக்கு மேலே குன்றில் இருந்த திமிங்கிலக் காவலாளிகள் கடல் கொதிப்பதைக் கண்டார்கள். கீழே விளக்குக் காவலருக்குத் தகவல் போனது. அந்தக் கடலடி எரிமலை வெடித்துக் கிளம்புவதை முதலில் கண்டவர்கள் திமிங்கிலத்தின் மூச்சுக்காகக் காத்திருந்த ஆட்கள்!

வெடிப்பு பதின்மூன்று மாதம் நீடித்தது. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளத்தைச் சாம்பல் மூடிவிட்டது; கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. வயல்களும் வீடுகளும் போயின. 1958-ல் அமெரிக்க செனட்டர்கள் ஜான் பாஸ்டோரும் ஜான் கென்னடியும் முன்நின்று அசோரஸ் அகதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஃபயால்காரர்கள் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கடலிலிருந்து முளைத்த புது நிலம் தீவோடு ஒட்டிக்கொண்டாலும், அதில் பெரும்பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது.

பக்கம் தீர்ந்தது, பறவை அப்படியே நிற்கிறது. பகலெல்லாம் கடலில் திரிந்து, இரவில் மட்டும் வளைக்குத் திரும்பி, குழந்தைபோல் அழும் கோரி ஷியர்வாட்டர் அது. அடுத்த வாரம் முழுப்பக்கமும் அதற்குத்தான் என்று ஆசிரியரிடம் எழுதிக்கொடுத்துவிட்டேன். அதுவரை அசோரஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திமிங்கிலத்தை 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இன்னும் கிட்டே போகச்சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள்.