பழைய கேம் கன்சோலை விற்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டரைப் போலவே கேம் கன்சோல்களும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகின்றன. புதிய மாடல் வந்தவுடன் பழையதை விற்று, அந்தப் பணத்தைப் புதியதற்குப் பயன்படுத்தலாம் எனப் பலரும் திட்டமிடுகின்றனர். அப்போது ஒரு கேள்வி எழும். "பணம் கொடுத்து டவுண்லோட் செய்த பத்து கேம்கள் இதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபாய் என்றால் இருபதாயிரம் ரூபாய். அதற்கும் சேர்த்து விலை கேட்கலாமா?"

கேட்க முடியாது என்பதுதான் பதில். அது ஏன் என்பதையும், விற்பவரும் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவற்றையும் பிளே ஸ்டேஷன் 4 மற்றும் 5 கன்சோல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு பார்க்கலாம்.

கேம் பெட்டியில், உரிமை அக்கவுண்ட்டில்

டிஸ்க்கில் வரும் கேமை ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்தாலும், விளையாடும்போது டிஸ்க் டிரைவில் இருக்க வேண்டும். எனவே டிஸ்க் யாரிடம் இருக்கிறதோ அவர் விளையாடலாம். 2013 ஜூனில் சோனி நிறுவனம், பிளே ஸ்டேஷன் 4ல் கேமை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது என ஒரு குறும்படம் வெளியிட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுவார். மற்றவர் வாங்கிக் கொள்வார். அவ்வளவுதான் படம்.

டவுண்லோட் செய்த கேமை அப்படி நீட்ட முடியாது. நீங்கள் பணம் கொடுத்துப் பெற்றது, அதனை விளையாடுவதற்கான லைசன்ஸ் மட்டுமே. அந்த லைசன்ஸ் உங்கள் பிளே ஸ்டேஷன் அக்கவுண்ட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. கன்சோல் கை மாறினாலும் லைசன்ஸ் உங்களுடனேயே இருக்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு. பிளே ஸ்டேஷன் 4 கன்சோலை விற்றுவிட்டு பிளே ஸ்டேஷன் 5 வாங்கினால், அதே அக்கவுண்ட்டில் நுழைந்து, பெரும்பாலான பழைய கேம்களை மீண்டும் பணம் கட்டாமல் டவுண்லோட் செய்து கொள்ளலாம்.

அக்கவுண்ட்டையே விற்றால் என்ன?

"கேம்கள் நிறைந்த அக்கவுண்ட்டுடன் விற்பனைக்கு" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அக்கவுண்ட்டை மற்றவருக்கு விற்பதை சோனியின் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. விற்பவருக்கு ஆபத்து அவரது பணத்தில் இருக்கிறது. அக்கவுண்ட்டில் கிரெடிட் கார்ட் எண் பதியப்பட்டு, வாங்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும் வசதி இயக்கப்படாமல் இருந்தால், கன்சோலை வாங்கியவர் உங்கள் செலவில் புதிய கேம்களை வாங்கிவிட முடியும்.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. விற்றவர் பின்னாளில் பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கன்சோலுக்குத் தந்த அனுமதியையும் நீக்கிவிட்டால், கேம்கள் பூட்டுப் படத்துடன் திரையில் நிற்கும், இயங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதனை எதிர்த்து வழக்குகள் நடந்துள்ளன. டவுண்லோட் செய்து, கால வரையறையின்றி உரிமம் பெற்ற சாப்ட்வேரை மறுபடி விற்கலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2012ல் தீர்ப்பளித்தது. இதனால் கேம்களுக்கும் வழி பிறக்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு, ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்து 2019ல் வெற்றி பெற்றது. ஆனால் 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2024ல் அந்நாட்டின் உயர்நிலை நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. டிஜிட்டல் பொருட்களை விற்பவர்கள், வாடிக்கையாளர் பெறுவது லைசன்ஸ் மட்டுமே எனில், அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். மறுவிற்பனை உரிமை இதிலும் தரப்படவில்லை.

விற்பவர் செய்ய வேண்டியவை

1. முதலில் கேம் சேவ் பைல்களைப் பாதுகாத்துக் கொள்ளுங்கள். பிளே ஸ்டேஷன் 4ல் இவற்றை யு.எஸ்.பி. டிரைவிற்குக் காப்பி செய்யலாம். பிளே ஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் பைல்களை யு.எஸ்.பி.க்குக் காப்பி செய்ய முடியாது. கட்டணம் செலுத்திப் பெறும் பிளே ஸ்டேஷன் பிளஸ் சேமிப்பிடத்தில் வைக்கலாம். அல்லது விற்பதற்கு முன்பே புதிய பிளே ஸ்டேஷன் 5க்கு மாற்றிக் கொள்ளலாம்.

2. அடுத்து, கன்சோலுக்குத் தந்த அனுமதியை நீக்குங்கள். பிளே ஸ்டேஷன் 4ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் சென்று, "ஆக்டிவேட் அஸ் யுவர் பிரைமரி பி.எஸ்.4" என்பதில் "டிஆக்டிவேட்" தேர்ந்தெடுக்கவும். பிளே ஸ்டேஷன் 5ல் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர் சென்று, "கன்சோல் ஷேரிங் அண்ட் ஆப்லைன் பிளே" வசதியை நிறுத்தவும்.

3. கடைசியாக எல்லாவற்றையும் அழித்திடுங்கள். பிளே ஸ்டேஷன் 4ல் செட்டிங்ஸ், இனிஷியலைசேஷன், "இனிஷியலைஸ் பி.எஸ்.4" சென்று "புல்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். "குயிக்" முறையில் அழித்த டேட்டாவைச் சிறப்பு சாப்ட்வேர் மூலம் மீட்டுவிட வாய்ப்புண்டு. "புல்" முறைக்குச் சில மணி நேரம் ஆகும்; நடுவில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. பிளே ஸ்டேஷன் 5ல் சிஸ்டம் பிரிவில் ரீசெட் ஆப்ஷன்ஸ் சென்று கன்சோலை ரீசெட் செய்திடவும்.

இவ்வாறு செய்வதால் நீங்கள் வாங்கிய கேம்கள் பறிபோகாது. அழிவது கன்சோலில் உள்ள பிரதி மட்டுமே. அக்கவுண்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடிவிடாதீர்கள்.

கடையிலிருந்து நீக்கப்பட்ட கேம்களும் வழக்கமாக, வாங்கியவரின் லைப்ரரியில் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் விதிவிலக்கும் உண்டு. கோனாமி 2014ல் இலவசமாக வெளியிட்ட "பி.டி." என்ற திகில் டெமோ, 2015ல் கடையிலிருந்து நீக்கப்பட்டது, ஏற்கனவே பெற்றவர்களும் மீண்டும் டவுண்லோட் செய்ய முடியாமல் போனது. அது பதிந்திருந்த கன்சோல்களை, ஆயிரம் டாலருக்கும் அதிகமான விலை சொல்லி இ-பே தளத்தில் விற்க முயன்றனர். எனவே அழிக்கும் முன் பட்டியலை ஒரு முறை சரிபாருங்கள்.

அனுமதியை நீக்காமலேயே விற்றுவிட்டீர்களா? பிளே ஸ்டேஷன் இணைய தளத்தில் உங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து அங்கிருந்தே நீக்கலாம். ஆனால் ஆறு மாதத்திற்கு ஒரு முறைதான் இது முடியும். உடனே பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

வாங்குபவர் கவனத்திற்கு

ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கேம்களுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். பெட்டிக்கும், கண்ட்ரோலருக்கும், கையில் தரும் டிஸ்க்குகளுக்கும் மட்டும் விலை பேசுங்கள். அது டிஸ்க் டிரைவ் உள்ள மாடல்தானா என்பதையும் பாருங்கள். டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க்குகளால் பயனில்லை. பணம் கொடுக்கும் முன், இன்டர்நெட் இணைப்புடன் உங்கள் சொந்த அக்கவுண்ட்டில் நுழைந்து பாருங்கள். விதிமீறலுக்காகச் சில கன்சோல்களையே நெட்வொர்க்கில் தடை செய்துவிடுவதுண்டு; அது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

டவுண்லோட் முறை வசதியானதுதான். டிஸ்க் கீறல் விழும் என்ற கவலை இல்லை. ஆனால் விளையாடி முடித்தவுடன் விற்றுவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அடுத்த கேமை டிஸ்க்காக வாங்குவதே லாபம்.